வாத்தியமும் வாத்தியாரும் – 17: கோடு போடாத குழல்

பேண்டு செட்டில் இருக்கிற பித்தளைக் குழல்களில், பொத்தானே இல்லாமல் எல்லாச் சுரத்தையும் பேசக்கூடியது டிராம்போன் ஒன்றுதான். டிரம்பெட்டுக்கும் யூஃபோனியத்துக்கும் மூன்று நான்கு பொத்தான்கள் உண்டு. அமுக்கினால் காற்று போகும் வழி நீளும், சுரம் இறங்கும். டிராம்போனில் அந்த வேலையை வலது கை பார்க்கிறது. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரட்டைக் குழலை முன்னே தள்ளினால் சுரம் இறங்கும், இழுத்துக்கொண்டால் ஏறும். ராயப்பன்பட்டி மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் போகும் பேண்டு செட்டில் இப்படி ஒரு குழல் இருந்துவிட்டால் போதும், சின்னப் பிள்ளைகளுக்கு மற்ற எந்தக் கருவியும் கண்ணில் படாது. முன்வரிசையில் நடக்கிறவர் மட்டும் ஒரு கை தூரம் தள்ளியே நடப்பார்; முதுகில் இடிபட்ட அனுபவம் யாருக்காவது இருந்திருக்கும்.

இந்தத் தொடரில் முன்பு வந்த கொம்பும் எக்காளமும் ஒரே நீளக் குழல்கள். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் அவற்றில் சில சுரங்கள் மட்டும் கிடைக்கும்: சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் என்று படிப்படியாக. நடுவில் இருக்கிற சுரங்கள் அந்தக் குழலுக்குள் கிடையாது. டிராம்போன் என்பது ஏழு எக்காளங்களை ஒரே குழலுக்குள் மடித்து வைத்த மாதிரி. முழுதாக இழுத்து மூடிய நிலையில் அதன் குழல் நீளம் சுமார் 9 அடி. அங்கிருந்து ஒவ்வொரு அரைச்சுரம் இறங்குவதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். இப்படி ஏழு இடங்கள். ஏழுக்கும் இடைவெளி ஒன்றல்ல. முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். ஆறிலிருந்து ஏழுக்கு நான்கு அங்குலத்துக்கு மேல். ஒன்றிலிருந்து ஏழு வரை போக இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏழாவது இடத்துக்குப் பெரிய ஆளே கையை முழுக்க நீட்ட வேண்டும். வீணையில் மெட்டு இருக்கிறது, கிடாரில் கட்டை இருக்கிறது. டிராம்போன் குழலின் மேல் ஒரு கோடுகூடக் கிடையாது. இடம் எதுவென்று காதுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கோடில்லாத குழலை ஒன்பது வயதில் கையில் எடுத்து, பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ஜாஸ் எப்படிக் கற்றுக்கொடுக்கப்பட வேண்டும் என்பதையே மாற்றியவர்களில் ஒருவர் ஜார்ஜ் லூயிஸ். முழுப் பெயர் ஜார்ஜ் இமானுவேல் லூயிஸ். இதே பெயரில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு புகழ்பெற்ற கிளாரினெட்காரர் இருந்தார், 1968-ல் காலமானார். இசைத்தட்டுக் கடைகளில் இரண்டு பேரையும் ஒரே அடுக்கில் சேர்த்து வைத்துவிடுவது உண்டு. இங்கே சொல்லப்படுகிறவர் சிகாகோக்காரர். தமிழ்நாட்டு வாசகருக்கு அவர் அறிமுகமாகும் வழி ஒரு தமிழ்ப் பெயர். விஜய் ஐயர் என்ற பியானோ கலைஞர் இளமையில் லூயிஸோடு சேர்ந்து இயங்கியவர். அது பின்னால் வரும்.

ஜாஸில் டிராம்போனின் கதை வண்டியில் தொடங்குகிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளம்பரத்துக்காக பேண்டு வாசிப்பவர்களை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக அழைத்துப் போவார்கள். குழலை நீட்ட இடம் வேண்டும் என்பதால் டிராம்போன்காரர் வண்டியின் கடைசியில், பின்பலகை ஓரமாக உட்கார்வார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் அந்தப் பழைய பாணிக்கு அந்தப் பின்பலகையின் பெயரே வந்துவிட்டது. கிட் ஓரி அந்தப் பாணியின் பெரிய பெயர். டியூக் எலிங்டன் குழுவில் 'ட்ரிக்கி சாம்' நான்டன், குழாய் அடைப்பு நீக்கும் ரப்பர் கிண்ணத்தைக் குழல் வாயில் வைத்து வைத்து எடுத்து, மனுஷன் பேசுகிற மாதிரியே வாசித்தார். 1940-களில் ஜே.ஜே. ஜான்சன் வந்த பிறகு டிராம்போனும் சாக்ஸபோனின் வேகத்துக்கு ஓட ஆரம்பித்தது. அவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, பொத்தான் வைத்த டிராம்போனைத்தான் மறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். எலிங்டன் குழு 1963-ல் இந்தியச் சுற்றுப்பயணத்தில் மதராஸிலும் வாசித்தது. லாரன்ஸ் பிரவுன், பஸ்டர் கூப்பர், சக் கானர்ஸ் என்று மூன்று டிராம்போன்கள் அந்தக் குழுவில் இருந்தன.

அந்த ஆண்டு ஜார்ஜ் லூயிஸுக்கு வயது பதினொன்று. 1952 ஜூலை 14-ல் சிகாகோவில் பிறந்தவர். படித்தது சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் லேபரட்டரி பள்ளியில். அந்தப் பள்ளியை 1896-ல் தொடங்கியவர் ஜான் டூயி. பிற்பாடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கருக்கு ஆசிரியராக இருந்த அதே டூயிதான். பள்ளியில் லூயிஸின் கூட்டாளி ரே ஆண்டர்சன். அவரும் பின்னாளில் ஜாஸ் டிராம்போனில் பெரிய பெயர் வாங்கினார். ஒரே பள்ளியில் ஒரே காலத்தில் இரண்டு டிராம்போன்காரர்கள் உருவானார்கள் என்றால், பிள்ளைகளின் கையில் கருவியைக் கொடுத்துவிட்டு ஆசிரியர்கள் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

லூயிஸ் சிறுவனாக இருந்தபோது கைக்கொண்ட பயிற்சி கவனிக்கத்தக்கது. லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் மேதையின் தனி வாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதி, டிராம்போனில் வாசித்துப் பார்த்தார். முள்ளைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து, நாலு சுரம் கேட்டு, எழுதி, மறுபடியும் முள்ளைத் தூக்க வேண்டிய வேலை அது. சாக்ஸபோனில் விரல் அசைந்தால் சுரம் மாறிவிடும். டிராம்போனில் அதே ஓட்டத்துக்குக் கை ஓரடி முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அதனால் அதே சுரம் வேறு எந்த இடத்தில் கிடைக்கும் என்று தேட வேண்டியிருக்கும். முதல் இடத்தில் கிடைக்கிற சில சுரங்கள் நான்காவது இடத்திலும் ஆறாவது இடத்திலும் கிடைக்கும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் முயற்சி, தன் கருவியைத் தெரிந்துகொள்ளும் முயற்சியாக மாறிப்போவது இப்படித்தான். சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் கிளாரினெட்டில் பிடிக்கிற நம் ஊர் பேண்டு வாசிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

லூயிஸ் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது இசை படிக்க அல்ல; தத்துவம். 1974-ல் பட்டம் வாங்கினார். அங்கே பியானோ கலைஞர் அந்தோணி டேவிஸோடு சேர்ந்து வாசித்தார். பின்னாளில் மால்கம் எக்ஸின் வாழ்க்கையை ஓபராவாக எழுதிய டேவிஸ் இவர்தான். ஆனால் லூயிஸின் இசைக் கல்வி யேலில் நடக்கவில்லை. 1971-ல் படிப்பை ஓர் ஆண்டு நிறுத்திவிட்டுச் சிகாகோவுக்குத் திரும்பியபோது, ஏ.ஏ.சி.எம். என்ற சங்கத்தின் கலைஞர்களோடு பழக்கம் ஏற்பட்டது. அந்த ஆண்டே அதில் உறுப்பினரானார்.

ஏ.ஏ.சி.எம். என்பதைப் படைப்பிசைக் கலைஞர் முன்னேற்றச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். 1965 மே மாதம் சிகாகோவின் தென் பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் கூடித் தொடங்கியது. முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால், ஃபில் கோரன் ஆகிய நால்வர் அதன் தொடக்கத்தில் நின்றவர்கள். அந்தக் காலத்தில் ஜாஸ் வாசிக்கிற கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மூடாத கிளப்பில் முதலாளி கேட்டதைத்தான் வாசிக்க முடியும். சங்கம் வேறு வழி தேடியது. இடத்தைத் தாங்களே பிடிப்பது, டிக்கெட்டைத் தாங்களே விற்பது, மேடையில் தங்கள் சொந்தப் படைப்பை வாசிப்பது. கடைசி விதிதான் பெரியது. பழைய பாட்டை எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சங்கத்து மேடையில் அதற்கு மதிப்பில்லை. ஆளுக்கு ஆள் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

1967-லிருந்து சங்கம் ஒரு பள்ளியும் நடத்தியது. சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் கட்டணமில்லாத வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஏப்ரம்ஸ். அவர் பெரும்பாலும் தானே படித்துத் தேறியவர். ஜோசப் ஷில்லிங்கர் எழுதிய, இசையைக் கணக்காகப் பிரித்து அடுக்கும் தடித்த புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி இசையமைப்பைக் கற்றவர். அவரிடம் லூயிஸ் இசைக் கோட்பாடு படித்தார். டிராம்போனை டீன் ஹே என்பவரிடம் கற்றார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் முடிந்த பிறகே மனோதர்மம் என்ற ஏணி நமக்குப் பழக்கம். ஏப்ரம்ஸின் வகுப்பில் முதல் படியிலேயே மாணவர் ஏதாவது எழுதிக் காட்ட வேண்டும். எழுதியதில் பிழை இருந்தால் அந்தப் பிழையிலிருந்தே பாடம் தொடங்கும். இரண்டு வழியிலும் நல்ல கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது வழியில் ஆசிரியருக்குத்தான் வேலை அதிகம். ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு பாடம்.

1976-ல் லூயிஸ் கவுண்ட் பேசியின் குழுவில் இரண்டு மாதம் வாசித்தார். பேசியின் குழு ஜாஸின் கட்டுக்கோப்பான பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்று. டிராம்போன் வரிசை மூச்சைக்கூடச் சேர்ந்துதான் விடும். அதே ஆண்டு அதற்கு நேர் எதிரான ஆண்டனி பிராக்ஸ்டன் குழுவில் சேர்ந்தார். பிராக்ஸ்டன் தன் படைப்புகளுக்குப் பெயர் வைக்காமல் வரைபடங்களும் எண்களும் வைத்தவர். ஜெர்மனியில் டோனவ்எஷிங்கன் விழாவில் இருவர் மட்டுமாக வாசித்த கச்சேரி இசைத்தட்டாக வந்திருக்கிறது.

அந்த 1976-ம் ஆண்டின் முக்கிய வேலை 'சோலோ டிராம்போன் ரெகார்ட்'. கனடாவின் சாக்வில் நிறுவனத்துக்காகப் பதிவானது. அப்போது அவருக்கு 24 வயது. டிராம்போன் பொதுவாகக் கூட்டத்தில் நிற்கிற கருவி; பக்கத்துணை இல்லாமல் ஒரு முழு இசைத்தட்டுக்கு அதைக் கேட்க வைப்பது எளிதல்ல. தட்டின் முதல் படைப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரே ஆள் மூன்று தடவை வாசித்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்திருக்கிறார். முதல் குழல் உறுமுகிறது, இரண்டாவது கேலி பேசுகிறது, மூன்றாவது அதைப் பொருட்படுத்தாமல் தன் வழியில் போகிறது. மூன்று பேர் கூடிப் பேசுவதாகத்தான் காதுக்குத் தோன்றும். பின்னால் வந்த கம்ப்யூட்டர் வேலையின் விதை இங்கே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. 1979-ல் வந்த 'ஹாமேஜ் டு சார்லஸ் பார்க்கர்' இசைத்தட்டில் மின்னணுச் சாதனங்களும் சேர்ந்துகொண்டன. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் ஒரு மெட்டுகூட இல்லாமல் சார்லி பார்க்கருக்குச் செய்த அஞ்சலி அது.

1970-களின் கடைசியில் லூயிஸ் கிம்-1 என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கினார். கம்ப்யூட்டர் என்று சொல்வதற்கே தயக்கம் வரும். பெட்டிகூட இல்லாத ஒரு சர்க்யூட் பலகை. கால்குலேட்டர் மாதிரி சில பொத்தான்கள். சிவப்பாக ஒளிரும் ஆறு எண்கள். அதன் நினைவகம் ஒரு கிலோபைட். இன்றைய முறையில் தமிழில் தட்டினால் இந்தப் பத்தியே அதில் அடங்காது. கலிஃபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியைச் சுற்றியிருந்த டேவிட் பேர்மன் முதலானோர் இப்படிப்பட்ட பலகைகளை இசைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து நிரல் எழுதும் வேலையை லூயிஸ் கற்றார். 1980 முதல் 1982 வரை நியூயார்க்கில் 'தி கிச்சன்' என்ற புதுக் கலை அரங்கின் இசைப் பொறுப்பில் இருந்தார். பிறகு பாரிஸ் போனார். அங்கே இர்காம் என்ற இசை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1984-ல் 'ரெயின்போ ஃபேமிலி' அரங்கேறியது. மேடையில் கலைஞர்கள் வாசிக்க, கம்ப்யூட்டர்களும் கூடவே வாசித்த கச்சேரி.

அதிலிருந்து 1980-களின் பின்பாதியில் வளர்ந்ததுதான் 'வாயேஜர்'. லூயிஸின் பெயர் இசையுலகத்துக்கு வெளியேயும் தெரிந்தது இதனால். செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நடக்கிற பேச்சுக்கு முப்பது நாற்பது வருஷம் முன்னாலேயே இது ஓடிக்கொண்டிருந்தது என்பதால், கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

டிராம்போனின் ஒலி ஒரு மைக் வழியாகப் போய்ச் சுரம் அறியும் கருவியில் விழுகிறது. அந்தக் கருவி ஒலியை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குத் தருகிறது. எந்தச் சுரம், எவ்வளவு பலம், எத்தனை வேகம், நடுவில் எவ்வளவு மௌனம் என்பதையெல்லாம் நிரல் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கும். கவனித்ததை வைத்து ஒரு முடிவு எடுக்கும்: இவரோடு சேர்ந்து போகலாமா, எதிர்த்துப் போகலாமா, கண்டுகொள்ளாமல் இருக்கலாமா. நிரலுக்குள் 64 குரல்கள்வரை உண்டு. அவை குழுக்களாகப் பிரிந்து வாசிக்கும். ஐந்து முதல் ஏழு விநாடிக்கு ஒருமுறை குழுக்கள் கலைக்கப்பட்டுப் புதிதாகச் சேர்க்கப்படும். எந்த வாத்தியம், எந்தச் சுர வரிசை, எந்த நடை என்பதெல்லாம் அப்போது மாறும். எதிரே வாசிக்க யாரும் இல்லையென்றாலும் அது சும்மா இருக்காது, தானாகவே வாசித்துக்கொண்டிருக்கும்.

கச்சேரி மேடையில் நமக்குத் தெரிந்த இயந்திரம் சுருதிப் பெட்டி. அது யார் பாடினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும், நிறுத்தும் வரை நிற்காது, எதிர்த்துப் பேசாது. லூயிஸ் காலத்து இசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை, கலைஞர் ஒரு மிதியை அழுத்தினால் ஒரு சத்தம் தருகிற வகை. சுருதிப் பெட்டியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். வாயேஜர் மிருதங்கக்காரரைப் போன்றது. பாடகரைக் கவனிக்கும், பதில் சொல்லும், சில சமயம் வம்புக்கு இழுக்கும். கலைஞருக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது. கூட நின்று வாசிக்கத்தான் முடியும். இதைப் பற்றி 2000-ல் லூயிஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'சுரங்கள் அதிகம்' என்று பொருள்படும். மொசார்ட்டின் இசையைக் கேட்ட ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் அப்படிக் குறைப்பட்டதாக ஒரு பழங்கதை உண்டு. வாயேஜரைக் கேட்டவர்கள் சிலரும் அதே குறையைச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் பல தாளம், பல நிறம், பல பேச்சு என்று அடுக்குவது ஆப்பிரிக்கக் கலைகளின் இயல்பு என்பதே லூயிஸின் பதில். நிரலில்கூட அதை எழுதியவரின் பண்பாடு இருக்கும் என்பது அந்தக் கட்டுரையின் அடிநாதம். 1993-ல் சாக்ஸபோன் கலைஞர் ராஸ்கோ மிட்செலும் சேர்ந்து வாயேஜரோடு வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. மிட்செல் ஏ.ஏ.சி.எம்.மின் ஆதி உறுப்பினர்களில் ஒருவர்.

1991-ல் லூயிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியரானார். அங்கே இருந்தபோது 1996-ல் எழுதிய ஒரு கட்டுரை, இசைத் துறைகளின் பாடத்திட்டத்தில் இன்றும் இருக்கிறது. 1950-க்குப் பிறகு ஜான் கேஜ் முதலான வெள்ளையின இசையமைப்பாளர்கள் தற்செயலையும் உடனடிப் படைப்பையும் இசைக்குள் கொண்டுவந்தார்கள். புதுமை என்று போற்றப்பட்டார்கள். அதற்கு முன்பே சார்லி பார்க்கரும் கூட்டாளிகளும் இரவு தோறும் கிளப்புகளில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் வரலாற்றை எழுதியவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லூயிஸ் இரண்டு மரபுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கறுப்பின மரபில் உடனடிப் படைப்பு என்பது வாசிப்பவரின் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் வழி. மற்றதில் வாசிப்பவரின் விருப்பு வெறுப்பை அழிக்கும் வழி. கட்டுரையில் கோபம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்டுகிற கோபம்.

சான் டியாகோ காலத்து மாணவர்களில் மைக்கேல் டெசன் ஒருவர். அவரும் டிராம்போன்காரர், அவரும் பேராசிரியரானார். 2002-ல் லூயிஸுக்கு மெக்கார்தர் நல்கை கிடைத்தது. 2004-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

2008-ல் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. 'எ பவர் ஸ்ட்ராங்கர் தேன் இட்செல்ஃப்', ஏ.ஏ.சி.எம். சங்கத்தின் வரலாறு. தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டு எழுதியது. தெற்கு மாநிலங்களிலிருந்து ரயிலேறிச் சிகாகோவுக்கு வந்த குடும்பங்கள், தொடக்கக் கூட்டங்களில் நடந்த வாக்குவாதங்கள், சந்தா பாக்கி, பெண் கலைஞர்களுக்குச் சங்கத்தில் இடம் கிடைத்த விதம், கிடைக்காத விதம் எல்லாம் அதில் உண்டு. சங்க வரலாறு என்றால் தலைவர் படமும் ஆண்டறிக்கையும் என்று பழகிப்போனவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எழுதியவரும் அதே சங்கத்துக்காரர் என்பதால் சாதகமாக எழுதியிருப்பார் என்ற சந்தேகம் வரலாம், படித்தால் போய்விடும். அடுத்த ஆண்டு அமெரிக்கப் புத்தக விருது பெற்றது.

இனி விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ல் ஆல்பனி நகரில் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து பதினைந்து ஆண்டு மேற்கத்திய வயலின் முறைப்படி கற்றார். பியானோவை மட்டும் யாரிடமும் கற்கவில்லை. வீட்டில் அக்காவுக்காக இருந்ததைத் தட்டித் தட்டிக் காதாலேயே பிடித்தார். யேலில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அந்தப் பகுதியில் கிளப்புகளில் வாசிப்பதும் ஆய்வுக்கூடமுமாக இரண்டு படகில் கால் வைத்த காலம். 1990-களின் நடுவில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மனோடும் ஜார்ஜ் லூயிஸோடும் வாசிக்கத் தொடங்கினார். இயற்பியலை விட்டார். இசையும் அறிதலியலும் சேர்ந்த ஒரு முனைவர் பட்டத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டு 1998-ல் முடித்தார். தாளம் என்பது மூளை எண்ணுகிற கணக்கு மட்டுமல்ல, கையும் காலும் மூச்சும் சேர்ந்து அறிவது என்பது அந்த ஆய்வின் மையம். ஒரு தட்டு விநாடியில் மிகச் சிறு பங்கு முன்னோ பின்னோ விழுவதில்தான் வாசிப்பின் களை இருக்கிறது என்று அளந்து காட்டினார். தொடையில் தாளம் போட்டுப் பழகிய சபாக் கூட்டத்துக்கு இது புதுச் செய்தி அல்ல. பல்கலைக்கழகங்களுக்குப் புதுசு.

அவருடைய 2011-ம் ஆண்டின் 'தீர்த்தா' இசைத்தட்டு தமிழ்நாட்டோடு நேராகத் தொடர்புடையது. கூட வாசித்தவர்களில் ஒருவர் கிடார் பிரசன்னா: ராணிப்பேட்டையில் வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்து, கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் வாசிப்பவர். இன்னொருவர் தபலா நிதின் மிட்டா. கர்நாடக இசையும் ஜாஸும் கலந்த 'ஃப்யூஷன்' என்று அதை ஒதுக்கிவிட முடியாது. யாரும் யாருக்கும் பக்கவாத்தியமாக இறங்கிப் போகாத இசை. பிரசன்னா செய்யூர் பக்கம் தொடங்கிய ஸ்வர்ணபூமி இசை அகாடமியில் தலைவராக இருந்து இந்திய மாணவர்களுக்கு ஜாஸும் சொல்லிக்கொடுத்தார். விஜய் ஐயருக்கு 2013-ல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. 2014-ல் ஹார்வர்டு பேராசிரியரானார். படைப்பையும் ஆய்வையும் ஒன்றாகக் கருதும் முனைவர் படிப்பு அங்கே உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. லூயிஸ் கொலம்பியாவில் செய்துகொண்டிருந்ததன் பக்கத்து வயல் அது.

காதால் பிடித்து, பிறகு எழுத்தில் கற்ற இன்னொருவர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே வந்தவர். ராயப்பன்பட்டி இருக்கிற அதே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன இளையராஜா, 1960-களின் கடைசியில் மதராஸ் வந்து மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக் குறியீடு படித்தார். தன்ராஜ் மாஸ்டர் வகுப்பு நடத்தியது சாயி லாட்ஜ் அறையில். கல்லூரியும் இல்லை, பட்டமும் இல்லை. சிகாகோவின் சனிக்கிழமை வகுப்புகளும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. வித்தியாசம், சிகாகோவில் சங்கம் இருந்தது; அதன் வரலாற்றை எழுத ஒரு டிராம்போன்காரரும் இருந்தார். சாயி லாட்ஜின் வரலாறு மாணவர்களின் பேட்டிகளில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

கொலம்பியாவில் லூயிஸிடம் படித்தவர்களில் இரண்டு பேர் தனித்துத் தெரிகிறார்கள். ஒருவர் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேமன். மற்றவர் டைஷான் சோரி. டிரம்ஸ் வாசிப்பவர், இசையமைப்பாளர், டிராம்போனும் வாசிப்பவர். விஜய் ஐயர், லேமன், சோரி மூவரும் 'ஃபீல்ட்வொர்க்' என்ற பெயரில் ஒரு குழுவாக வாசித்தார்கள். பின்பு ஐயர், சோரி, பாஸ் கலைஞர் லிண்டா மே ஹான் ஓ மூவருமாக 2021-ல் 'அன்ஈஸி', 2024-ல் 'கம்பேஷன்' என இரண்டு இசைத்தட்டுகள் தந்தார்கள்.

லூயிஸின் பேனாவும் ஓயவில்லை. ஏ.ஏ.சி.எம். வரலாற்றிலிருந்தே 'ஆஃப்டர்வேர்ட்' என்ற ஓபராவை 2015-ல் எழுதினார். பெஞ்சமின் பீகட்டோடு சேர்ந்து அவர் தொகுத்த, உடனடிப் படைப்பு பற்றிய ஆக்ஸ்ஃபோர்டு கையேடு 2016-ல் இரண்டு தொகுதிகளாக வந்தது. அதில் இசை மட்டுமில்லை. தத்துவம், நடனம், நிர்வாகம், கம்ப்யூட்டர் என்று உடனடிப் படைப்பு எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் போகிறது. 2022-ல் நியூயார்க்கின் இன்டர்நேஷனல் கன்டெம்பரரி ஆன்சாம்பில் என்ற இசைக் குழுவின் கலை இயக்குநரானார். 2024-ல் டைஷான் சோரிக்குப் புலிட்சர் இசைப் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றது சாக்ஸபோனுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய, மிக மெதுவாக நகரும் ஓர் அடாஜியோ. அதன் தலைப்பிலேயே வடாடா லியோ ஸ்மித்தின் பெயர் இருக்கிறது, ஏ.ஏ.சி.எம்.மில் 1967-லேயே சேர்ந்த டிரம்பெட்காரர்.

(தொடரும்)